முதலில் கூலிக் கணக்கு, அப்புறம் கல்வெட்டு

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். ஆயிரம் பெண்களுக்கு மேல் வேலை கொடுக்கிறோம். பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, ஏரி தூர்வாருதல் என்று வருடா வருடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியைச் செலவிடுகிறோம். ஆனாலும் உங்கள் இதழில் முதலாளி என்றாலே சுரண்டல் என்கிற தொனிதான். வளரும் நாடுகளில் வறுமையைக் குறைத்தது தொழில்தானே? இதற்கு மேலும் ஒரு கம்பெனி என்னதான் செய்ய வேண்டும்? (பெயர் போட வேண்டாம்)

பதில்: வறுமையைக் குறைத்ததில் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் உங்களுக்கும் எனக்கும் தகராறே இல்லை. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பங்களாதேஷில் சுமார் 40 லட்சம் பேர் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, ஆலைகள் எட்டும் தூரத்தில் இருந்த கிராமங்களில் பெண் பிள்ளைகளின் கல்யாணமும் பிள்ளைப்பேறும் தள்ளிப்போனதையும், அவர்கள் கூடுதலாகப் படித்ததையும் காட்டியது. எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்த பெண்ணுக்கு ஆலையில் மதிப்பு என்றதும் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பினார்கள். சம்பள வேலை ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்பதே இவ்வளவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் அப்படித்தான், இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பேரில் நான்கு பேர் இங்கேதான் இருக்கிறார்கள், அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் வேலை கொடுத்தோம் என்பதோடு உங்கள் பொறுப்பு முடியவில்லை. அங்கேதான் தொடங்குகிறது.

அதே பங்களாதேஷில், டாக்கா பக்கத்துச் சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கடைகளுக்கென்று கட்டியது, மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் ஏற்றியவை, கடைகளுக்கு மேலேதான் ஐந்து ஆடை ஆலைகளும் கனமான ஜெனரேட்டர்களும். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் விட்டது. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, கடைகளும் மூடின. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள், போகாவிட்டால் சம்பளம் போகும் என்றார்கள். வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர் செத்தார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல், வங்கி ஊழியர் உயிரோடு இருக்கிறார், தையல்காரப் பெண் இல்லை. ‘நாங்கள் உள்ளே போக மாட்டோம்’ என்று சேர்ந்து நின்று சொல்ல அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களும் வேலை கொடுக்கப்பட்டவர்கள்தான்.

எங்களிடம் எல்லாச் சான்றிதழும் இருக்கிறது, பையர் ஆடிட்டில், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காக நடக்கும் சோதனையில், நல்ல மதிப்பெண் என்று அடுத்துச் சொல்வீர்கள். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆலைக்குச் தொழிலாளர் நிலைமைக்கான சர்வதேசத் தரமான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2012 செப்டம்பர் 11 அன்று அது தீப்பிடித்தபோது சன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. 250 பேருக்கு மேல் போனார்கள். ஆடிட் எப்படி நடக்கிறது என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தின நாள் கழிப்பறைக்குச் சோப்பு வரும், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும், அவசர வழியில் அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள் நகரும், கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் லைன் லைனாக வந்து சொல்லிக்கொடுப்பார். மறுநாள் மாலை பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு நிலைமையை மாற்றியது எது என்று பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. 2013 மே மாதம் உலகத் தொழிற்சங்கங்களும் துணி வாங்கும் பிராண்டுகளும் ‘அக்கார்ட்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. முன்பெல்லாம் இருந்தது போன்ற நன்னடத்தை உறுதிமொழி அல்ல அது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். சுமார் 1,600 ஆலைகளைப் பொறியாளர்கள் சோதித்தார்கள், என்ன குறை, எவ்வளவு சரிசெய்யப்பட்டது என்பதை ஆலை வாரியாக வெளியிட்டார்கள், திருத்தும் செலவுக்குப் பணம் கிடைக்க வழிசெய்வது பிராண்டின் கடமை, திருத்த மறுக்கும் ஆலையிடம் வாங்கக் கூடாது, ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி வேலை செய்ய மறுக்கலாம். கடமையைச் செய்யாத ஒரு பிராண்டைச் சங்கங்கள் ஹேக் நகரில் உள்ள நடுவர் மன்றத்துக்கே கொண்டுபோயின. 2018-ல் அது 23 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. நல்ல மனசை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஆலைகளுக்கான தீத்தடுப்புக் கதவுகள் இன்னும் கடையிலேயே இருந்திருக்கும்.

பங்களாதேஷ் வரைக்கும் போவானேன், திண்டுக்கல்லுக்கே வருவோம். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். வழக்கில் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். மாதக்கணக்காகத் தொந்தரவு இருந்தது என்று குடும்பமும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் ஓராண்டுக்கு மேல் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் தாய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது; எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் தனித்தனியே கட்டுப்பட்டன. லைனில் வேலை பார்க்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை சொன்னாலோ, டார்கெட்டைக் காட்டிக் கழிப்பறைக்கு விட மறுத்தாலோ அன்றைக்கே கேட்கலாம், கேட்டவரைப் பழிவாங்கக் கூடாது. அந்த ஆலையின் துணிக்கு அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் போட்ட தடை செப்டம்பரிலேயே நீங்குவதற்கும் இந்த ஒப்பந்தம் உதவியது. சங்கம் வந்தால் தொழில் போய்விடும் என்று சொல்கிற முதலாளிகள் இந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

கழிப்பறை என்று சொன்னதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதிவைத்துவிட்டு, எழுந்து போனவரை எல்லோர் முன்னாலும் திட்டினால், அடுத்த நாள் முதல் அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். கோடையில் அயர்ன் மேசைச் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, அதற்கு மருந்துக்கடைச் செலவு, ஒருநாள் லீவு, லீவு போட்டதால் ஊக்கத்தொகை கட். வெளியே ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த கம்பெனிக்குள்ளேயே இது நடக்க முடியும். உங்கள் கம்பெனியில் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் நடக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் வந்து சொல்வார்கள்?

இப்போது சி.எஸ்.ஆருக்கு வருவோம். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனி கடைசி மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும், வழக்கமான தொழில் நடவடிக்கைகளும் அதில் சேராது என்று விதியே இருக்கிறது. சரியான விதிதான், இல்லையென்றால் சம்பளத்தையே தர்மம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் இதன் இன்னொரு பக்கத்தைக் கவனியுங்கள்: அந்த 2 சதவீதம் லாபம் வந்த பிறகு எண்ணப்படுவது. தொழிலாளியின் வாழ்க்கை முழுக்க அந்த லாபம் வருவதற்கு முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது, கூலியில், ஓ.டி.யில், பி.எஃப். கட்டியதில், கட்டாததில். கூலியில் பிடித்தது லாபமாகி, அந்த லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வகுப்பறையாகத் திரும்பி வந்தால் அந்தப் பெண்ணின் வீட்டுக் கணக்கில் அது நஷ்டம்தான். 2014 டிசம்பரில் தமிழக அரசு தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது, பத்தாண்டுகளுக்கு மேல் உயராமல் கிடந்த கூலி அது, ஆலை உரிமையாளர்கள் பலர் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும், நிலுவையையும் கொடுங்கள் என்றது. அந்த இரண்டு வருடமும் சி.எஸ்.ஆர். திறப்பு விழாக்கள் நிற்காமல் நடந்துகொண்டுதான் இருந்தன.

பையர் விலையை நெருக்கினால் நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். நியாயமான பேச்சுதான். 2020-ல் கொரோனா வந்ததும் மேலை நாட்டு பிராண்டுகள் பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன. தைத்து முடித்த சரக்குக்குக்கூடப் பணம் தரமாட்டோம் என்றவர்கள் உண்டு. தங்கள் இணையதளத்தில் பெண்கள் முன்னேற்றம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களே அந்தப் பெண்களின் ஒரு மாதக் கூலியை நிறுத்தினார்கள். ஒரு வாங்கும் கம்பெனி ஏழை நாட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம், ஒப்புக்கொண்ட விலையை ஒப்புக்கொண்ட தேதியில் கொடுப்பது. இதை அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும், கேட்பதற்குச் சங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் குரலும் பலமாகக் கேட்கும், திண்டுக்கல்லில் பிராண்டுகளை மேசைக்குக் கொண்டுவந்தது அப்படித்தான்.

ஆனால் பையர் உங்களுக்குச் செய்வதையே உங்களுக்குக் கீழே இருப்பவருக்கு நீங்கள் செய்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பத்துப் பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு உங்களிடம் ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, எடுக்கிறவர் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், டெய்லர் காத்திருக்க மாட்டார். உங்கள் பில் நான்கு மாதம் கழித்து வருகிறது என்றால் அந்த நான்கு மாதத்துக்கும் அவர் மீட்டர் வட்டிக்கு வாங்குகிறார், அந்த வட்டி கடைசியில் பீஸ் ரேட்டில்தான் விழும். 2006-ல் வந்த சிறு, குறு தொழில் சட்டம் எவ்வளவு பேசிக்கொண்டாலும் 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது, தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தும் அதைக் கேட்டு வாங்கும் ஜாப் ஒர்க்காரர் அபூர்வம், அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. கெடுவைத் தாண்டிய பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன் என்கிறீர்கள், அப்படியானால் இது உங்கள் கைக்கு எட்டுவதுதான். கணக்குப் பிரிவில் கேட்டு, கடந்த ஒரு வருடத்து ஜாப் ஒர்க் பில்களை எடுங்கள். பில் வந்த தேதி, பணம் போன தேதி, இடையில் எத்தனை நாள். 45-ஐத் தாண்டியவற்றுக்கு வட்டியையும் சேர்த்து அந்தந்த ஜாப் ஒர்க்காரர் கணக்கில் போடச் சொல்லி முதலாளியிடம் கோப்பு வையுங்கள், அடுத்த ஸ்மார்ட் வகுப்பறைக் கோப்புக்கு முன்னால்.