கருப்பட்டியில் சீனி: சட்டத்தை எங்கே தேடுவது?

கேள்வி: முதுகலைச் சட்டம் பயிலும் நான், கருப்பட்டியில் சீனி கலப்பதைத் தடுக்கும் சட்டம் குறித்து ஆய்வேடு எழுத முனைந்துள்ளேன். கையில் கிடைத்த நூல்கள் எல்லாம் 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தையே விளக்குகின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: அந்த நூல்களைப் பழைய வழக்குகளைப் படிக்கும்போது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 அன்று பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஆனால் புதிய சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் கருப்பட்டிக்கான அளவுகோல் அதில் அகப்படாது. அது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் அரசிதழில் வெளியிட்ட 2011-ஆம் ஆண்டின் உணவுப் பொருள் தரங்கள் தொடர்பான ஒழுங்குமுறைகளில் இருக்கிறது.

அதில் வெல்லத்துக்கான வரையறையைப் பாருங்கள். கரும்புச் சாற்றோடு பனை, ஈச்சம்பனை, தென்னை ஆகியவற்றின் சாற்றைக் காய்ச்சி எடுப்பதும் அதே வரையறைக்குள் வருகிறது. சுக்ரோஸ் 60 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, மொத்தச் சாம்பல், அதாவது எரித்த பின் மிஞ்சும் தாதுப்பொருள், 6 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2011-இல் வெளியான வடிவம் கூறுகிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றும் பண்டத்துக்குச் சாம்பல் வரம்பு வைத்திருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. சுக்ரோஸ் சங்கதிதான் இடிக்கிறது. சீனி என்பதே ஏறத்தாழ முழுக்கச் சுக்ரோஸ். அதைக் கலந்தால் அந்த அளவு கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே குறைந்தபட்ச வரம்பை மட்டும் வைத்துக்கொண்டு சீனிக் கலப்பைப் பிடிக்க இயலாது. உங்கள் ஆய்வு ஊன்றி நிற்க வேண்டிய இடம் இதுதான்.

அப்படியானால் பனஞ்சாற்றைக் காய்ச்சி எடுத்தது என்ற வரையறையிலிருந்து வழுவியதாகக் கொண்டு, தரக்குறைவுக்கான 51-ஆம் பிரிவின்கீழ் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிப்பதா, இல்லாததை இருப்பதாகக் காட்டி விற்றதற்காக 52-ஆம் பிரிவின்கீழ் 3 லட்சம் ரூபாய் வரை விதிப்பதா என்ற கேள்வி எழும். இதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்புகளைத் தேடிப் படியுங்கள். எந்தத் தீர்ப்பிலும் மாதிரி எடுக்கப்பட்ட நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு நடைமுறையிலிருந்த திருத்தம் எது என்பதை அரசிதழோடு ஒப்பிட்ட பிறகே மேற்கோள் காட்டுங்கள். ஒழுங்குமுறைகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. இணையத்தில் உலவும் தொகுப்புகள் பல பின்தங்கியே இருக்கின்றன.

சட்டத்தின் 46, 47-ஆம் பிரிவுகளையும் விட்டுவிடாதீர்கள். மாதிரியை நான்கு பகுதிகளாகப் பிரிப்பதும், பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தருவதும், அதன்மீதான மேல்முறையீடும் அங்கேதான் உள்ளன. மாவட்ட அளவில் எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன என்ற கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பணிக்குப் பொறுப்பான நியமன அலுவலரின் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம்.

சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட சில்லுக் கருப்பட்டி அந்த வரையறைக்குள் அடங்குமா என்பதற்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள்.