ஒரு நூல் வித்தியாசம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. மயிலாடுதுறை பக்கம், வீட்டு முன்னறையிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். 16 வருஷமாக இதுதான் தொழில். என் கை சுத்தம் என்று தெருவே சொல்லும். அப்படிப்பட்ட எனக்கு இப்போது துணி வருவது குறைந்துகொண்டே போகிறது.

தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தப் பட்டு ஜாக்கெட்டை என்னிடம்தான் கொடுத்தார்கள். தைத்து, தேய்த்தும் வைத்துவிட்டேன். பையில் போடும்போது பார்த்தால் இடது கை ஒரு நூல் இறக்கம், அரைக்கால் இன்ச். மனசு கேட்கவில்லை, பிரித்தேன். மறுபடி மடித்துத் தைத்ததில் ஓரம் லேசாகக் கோணியது. திரும்பவும் பிரித்தேன். இப்படி நாலு தடவை. பட்டில் பிரித்தால் ஊசித் துளை தெரியும். அதை மறைக்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஜரிகை லேஸ் வைத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மண்டபத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அம்மா சொன்னது ஒரே வார்த்தை: "நேத்தே குடுத்திருக்கலாமே." நாலு தடவை பிரித்துத் தைத்தவளுக்கு அதுதான் மரியாதை.

உதவிக்கு வந்த பெண்ணும் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டாள். அவள் தைத்ததை ராத்திரி நானே பிரித்துச் சரிசெய்து வைப்பேன். அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. கணவர், "போதும் விடு, யாரு அளந்து பாக்கப் போறா" என்கிறார். வீட்டிலேயே என் வேலையின் அருமை யாருக்கும் தெரியவில்லை. ஆறாவது படிக்கும் மகள் பள்ளி ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியதுகூடப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். படத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். போன வருஷம் என்னிடம் ஒரு படம் காட்டினபோது, "ரெண்டு கண்ணும் ஒரே அளவா இல்லையே, அழிச்சிட்டுப் போடு" என்றேன். அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன். சரி, அது கிடக்கட்டும். என் கவலை வாடிக்கையாளர்கள்தான். சுமாராகத் தைத்து மறுநாளே கொடுப்பவர்களிடம் கூட்டம் நிற்கிறது.

மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. கொடுத்து அனுப்பிய ஜாக்கெட்டெல்லாம் ராத்திரியில் கண்முன் வருகிறது. நாலு தடவை பிரித்தேன் மேடம், ஒரு நன்றி இல்லை. தரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், அது என்னால் முடியாது. இந்த ஜனங்களோடு எப்படித் தொழில் செய்வது?

ஒரு தையல்காரி

அன்புள்ள சகோதரிக்கு,

தரத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். 16 வருஷம் பழகிய கை அது, அப்படியே இருக்கட்டும். ஆனால் "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போனதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஆறாவது படிக்கிற பிள்ளை பரிசு வாங்கினால் யாரிடம் ஓடி வரும்? உங்கள் மகளும் ஓடித்தான் வந்திருக்கிறாள். உங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறாள். உங்கள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நாளாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். உங்கள் கண் படத்தில் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் அவளுடைய படங்கள் இரண்டு வருகின்றன. இரண்டிலும் என்ன வரைந்திருந்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஜாக்கெட்டில் இடது கை ஒரு நூல் இறக்கம் என்பது மட்டும் இருக்கிறது.

உங்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். உதவிக்கு வந்த பெண் விஷயத்திலும் நான் அவள் பக்கம்தான். காலையில் வந்து உட்கார்ந்தால் நேற்றுத் தான் போட்ட தையல் இல்லை, அந்த இடத்தில் வேறு தையல். அதைவிடக் கடுமையாக வாயால் என்ன சொல்லிவிட முடியும்? எதிரே உட்காரவைத்துக் குறையைச் சொல்லியிருந்தால் அவள் கற்றுக்கொண்டிருப்பாள்.

பால் ஹியூவிட், கார்டன் ஃபிளெட் என்ற கனடா உளவியலாளர்கள் 1991-இல், எதிலும் குறையே கூடாது என்கிற இந்தப் பிடிவாதத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள். என்னிடம் குறையே இருக்கக் கூடாது என்பது ஒன்று. அடுத்தவரிடமும் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. எல்லாரும் என்னிடம் குறையில்லாமையை எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பு மூன்றாவது. உங்களிடம் முதலாவது மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகளிடமும் அந்தப் பெண்ணிடமும் நீங்கள் காட்டியது இரண்டாவது. மகளின் மனதில் இப்போது மூன்றாவது முளைவிடுகிறதோ என்பதுதான் என் பயம்.

அப்புறம் அந்தக் கல்யாண ஜாக்கெட். ஊசித் துளை எப்படி வந்தது? முதல் தையலில் அது இல்லை, திருத்தப்போய் வந்தது. முந்தின நாளே கொடுத்திருந்தால் பெண் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். முகூர்த்த நாளில் விடியும்வரை ஜாக்கெட் வரவில்லையே என்று தவித்த அம்மாவிடம் நன்றியை எதிர்பார்த்தது நியாயமில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அளந்திருப்பீர்கள். இரண்டு தோளும் அச்சாக ஒரே மட்டத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? ஜாக்கெட் உடம்பில் ஏறியதும் அந்த ஒரு நூலைத் தோளே விழுங்கிவிடும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத்தானே தைக்கிறீர்கள்? ஒட்ட வெட்டிவிட்டால் உள்பக்கம் இன்னும் சுத்தமாக இருக்கும். இருந்தாலும் விடுகிறீர்கள். உடம்பு பெருக்கும், இளைக்கும், பிள்ளை பெறும் என்று தெரிந்துதான் விடுகிறீர்கள். அதை யாரும் சுமாரான வேலை என்று சொல்வதில்லை. அந்தத் துணியை விடாமல் தைப்பவரைத்தான் தொழில் தெரியாதவர் என்பார்கள். முன்பின் தெரியாதவர் உடம்புக்கு விட்டுக்கொடுக்கிற அந்த ஒரு இன்ச்சை உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் விடவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

தொழிலுக்கு ஒரே ஒரு ஏற்பாடு சொல்கிறேன். தேய்த்து வைத்த ஜாக்கெட்டை, உடுத்துகிறவர் போட்டுப் பார்க்கும் முன் பிரிக்காதீர்கள். கண்ணாடி முன் நின்று அவர் சொல்கிற குறையைத் திருத்துங்கள். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லாததை அலட்சியமாக விடக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இன்று சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு, அந்தப் பரிசுப் படத்தைப் பார்க்கலாமா என்று மகளிடம் கேளுங்கள். அவள் உடனே கொண்டுவராமல் போகலாம். வற்புறுத்தாதீர்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். கொண்டுவந்தால் அளவைப் பற்றிப் பேச வேண்டாம், "சூப்பர்" என்று சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். இது யாரு, எங்கே நிக்கிறாங்க என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள். அதில் என்ன வரைந்திருந்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.