வேலை விண்ணப்பத்தில் 'ஒபீடியன்ட்' என்று எழுதலாமா?

'ஒபீடியன்ட்' என்றால் என்ன, விண்ணப்பத்தில் என்னைப் பற்றி அப்படி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் முதல் வேலை என்றே எடுத்துக்கொள்கிறேன். சொல்லைத் தட்டாமல் நடப்பவர் என்பது பொருள். குழந்தைகளைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. வேலை தேடும் பெரியவர் தம்மைப் பற்றி எழுதினால், அவருக்கு என்ன தெரியும் என்பது படிப்பவருக்கு விளங்காது. 'சப்மிஸிவ்' என்ற சொல் அறவே வேண்டாம். அடங்கி ஒடுங்கிப் போகிறவர் என்றாகிவிடும்.

குடியாத்தம் பக்கத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவன் நான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நடத்தைச் சான்று கேட்டு வருவார்கள். அப்படி வந்த ஒரு மாணவியின் அப்பா, "'ஒபீடியன்ட்'னு ஒரு வார்த்தை போட்டுடுங்க சார், அப்பதான் எடுத்துக்குவாங்க" என்று விடாமல் கேட்டார். அந்தப் பெண்ணோ, நூலகப் பதிவேட்டில் வராத புத்தகங்களை வந்ததாக எழுதச் சொன்ன பெரியவர் ஒருவரிடம், "புத்தகம் வந்ததும் எழுதறேன் சார்" என்று பேனாவை மூடி வைத்தவள். பொறுப்பானவள், கணக்கை நம்பி ஒப்படைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்பாவின் முகம் வாடியது. ஆனாலும் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

கீழ்ப்படிதல் இல்லாமல் எந்த வேலை நடக்கும் என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1806 ஜூலை 10 அன்று எங்கள் வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த சிப்பாய்கள் அதுவரை கட்டளைக்குப் பணிந்தவர்கள்தாம். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகையே அணிய வேண்டும் என்ற உத்தரவுதான் அவர்களைப் பொங்க வைத்தது. பின்னர் படைத்தலைவர் கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணியாதவரை மட்டும் குற்றம் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை.

கடித முடிவில் வரும் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' வேறு. அது பழைய மரியாதை வழக்கு மட்டுமே. 1804-இல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சண்டையில் போய் முடிந்த, பர், ஹாமில்டன் என்ற அரசியல் எதிரிகள் இருவரின் கடிதங்களிலும் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்ற முடிப்பு இருக்கிறது. பள்ளி விடுப்புக் கடிதத்தில் அப்படி எழுதுவதில் தவறில்லை. உங்கள் விண்ணப்பத்துக்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' போதும், உங்களைப் பற்றிய பத்தியில் நீங்கள் செய்த வேலை ஒன்றை எழுதுங்கள்.