ஃப்ளோரன்ஸ் பட்டறையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

இத்தாலியில் நகை வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்ததைப் பற்றிப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். கோவையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு முப்பது வயதுக்கு மேல் ஒருத்தி அரமும் கையுமாக உட்கார்ந்திருப்பது பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும் போல, கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நம்ம ஊர் பத்தர்களுக்குத் தெரியாத வேலையா இத்தாலிக்காரனுக்குத் தெரிந்துவிட்டது? இங்கேயே கற்றிருக்கலாமே?
— நகைப் பட்டறை உரிமையாளர், கோவை

கற்றிருக்கலாம் அண்ணா, சொல்லித்தர ஆள் கிடைத்திருந்தால். செல்வபுரத்தில் என் தாய்மாமாவுக்குப் பட்டறை இருந்தது. சின்ன வயதில் ஊதுகுழலைத் தொட்டாலே "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு" என்று அத்தை விரட்டிவிடுவார். வேலை தெரிந்தவர் தன் மகனுக்குத்தான் சொல்லித்தருவார். மகனோ இன்ஜினியரிங் போய்விட்டான். வெளியாள், அதுவும் ஒரு பெண், பட்டறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து கற்க நம்மிடம் வழி குறைவு. இங்கே பணம் கட்டினால் ஒரு மேசை கிடைக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கைவேலையில் நம்மவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவதை முதல் வாரம் எங்கள் ஆசிரியர் ஏதோ ரகசியம் போல விளக்கினார். சுவாமிமலையில் இதைத் தெருவுக்குத் தெரு செய்கிறார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். படம் காட்டச் சொல்லிக் கேட்டு, வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்தார்.

நான் இங்கே தேடி வந்தது வேறு. நம் பட்டறையில் ஆர்டரோடு மாடலும் வந்துவிடும். அதை அச்சு அசலாகச் செய்துகொடுப்பவர்தான் கெட்டிக்காரர். இங்கே எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "ஏன் இப்படி?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் தப்ப முடியாது. ஊரின் பழக்கம் அது. 1401இல் இங்குள்ள ஞானஸ்நானக் கோயிலின் வெண்கலக் கதவுக்குப் போட்டி வைத்தபோது முன்னால் வந்து நின்ற கிபெர்ட்டி, புருனெல்லெஸ்கி இருவருமே பொற்கொல்லர் பட்டறையில் வேலை பழகியவர்கள். கிபெர்ட்டி கதவைச் செய்தார். புருனெல்லெஸ்கி பிற்பாடு பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தையே எழுப்பினார். நகை செய்கிற கை கட்டடமும் கட்டும் என்று நம்பிய ஊரில் படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் சில மாதம் என்னதான் சொல்லித்தருவார்கள்? தங்கத்தைக் கையில் கொடுப்பார்களா அக்கா?
— கல்லூரி மாணவி, திருச்சி

தங்கமா! பித்தளைத் தகடுதான் தங்கச்சி. அப்புறம் செம்பு. வெள்ளியைத் தொடுவதற்குள் பொறுமை போய்விடும்.

முதல் பாடம் அறுப்பது. வில் மாதிரிச் சட்டம், அதில் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான வாள். பல் வெளியே பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். மாட்டியதும் விரலால் சுண்டினால் "டிங்" என்று கேட்க வேண்டும். "டப்" என்றால் தொய்வு, வெட்டும்போது ஒடிந்துவிடும். சட்டத்தை அழுத்திப் பிடித்தாலும் ஒடியும், மூலையில் அவசரமாகத் திருப்பினாலும் ஒடியும். நின்ற இடத்திலேயே வாளை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டு, தகட்டை மட்டும் மெல்லத் திருப்ப வேண்டும். தகட்டில் நெருக்கமாகக் கோடு கிழித்துக் கொடுத்து, கோட்டின் மேல் போகாமல் பக்கத்திலேயே அறுக்கச் சொல்வார்கள். எங்கள் ஆசிரியர் வந்து விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்கேயாவது தட்டினால் ஒன்றும் பேச மாட்டார், புதுத் தகடு ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அரம் போடுவதும் அப்படித்தான். மேசையின் நடுவில் அரைவட்டமாக வெட்டியிருக்கும், அதன் கீழே மடிக்கு நேராகத் தோல் தொங்கும். தூள் ஒன்றுகூடத் தரையில் விழக் கூடாது. கோவையில் பட்டறைத் தெரு மண்ணைக் கூட்டி அள்ளி, அரித்துத் தங்கம் எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு பற்றவைப்பது. மாமா வாயால் ஊதிய இடத்தில் இங்கே கேஸ் டார்ச். வெங்காரம் அதே வெங்காரம். இணைப்பை ஒட்டவைக்கிற உலோகப் பொடியின் மேல் நெருப்பைக் காட்டினால் பொடி உருண்டு நின்றுவிடும். பொருள் முழுவதையும் சூடாக்கினால்தான் இணைப்புக்குள் ஓடும். எந்தப் பக்கம் சூடு கூடுகிறதோ அந்தப் பக்கம் போகும். கடைசியில் மிதமான அமிலத்தில் போட்டு எடுக்க வேண்டும். அந்த அமிலத்துக்குள் இரும்புச் சாமணத்தை விட்டீர்களோ, உள்ளே இருக்கிற எல்லார் வேலையும் செம்பு ஏறிச் சிவந்துவிடும். வகுப்பில் சண்டை வருவது அநேகமாக அதற்குத்தான்.

எனக்குப் படம் வரைய வராது. சேரலாமா?
— இல்லத்தரசி, சேலம்

சேரலாம். மோதிரத்தை மூன்று பக்கத்திலிருந்தும் அளவோடு வரையச் சொல்லித்தருவார்கள். வண்ணப் படம் தனிப் பாடம். வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, சாம்பல் நிறத் தாளில் கல்லையும் பொன்னையும் தீட்டுவோம். முறை தெரிந்துவிட்டால் சுமாரான கைக்கும் வந்துவிடுகிறது.

ஊர் சுற்றும் படமாகவே போடுகிறீர்கள். படிக்கிறீர்களா இல்லையா?
— பெயர் வேண்டாம் என்றவர், சென்னை

சுற்றுவதும் படிப்புதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரி, கேளுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கு டிக்கெட் கிடையாது. அன்றைக்கு இங்குள்ள பித்தி அரண்மனையில், முன்பு இந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்துப் பொக்கிஷம் இருக்கிற பகுதிக்குப் போய்விடுவேன். கூட்டமெல்லாம் ஓவியத்தின் பக்கம் இருக்கும், நகையும் கற்கிண்ணமும் இருக்கிற பக்கம் காற்றாடும். ரோமில் வில்லா ஜூலியா என்று ஒரு அருங்காட்சியகம். கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த எத்ருஸ்கர்களின் பொன் நகைகள் அங்கே இருக்கின்றன. கண்ணுக்கு எட்டாத தங்க மணிகளைப் பொன் தகட்டின் மேல் வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கேழ்வரகு மாவைத் தூவியது போல இருக்கிறது. மணி உருகாமல், இடுக்கு அடைபடாமல் எப்படி ஒட்டினார்கள்? 19ஆம் நூற்றாண்டில் ரோமைச் சேர்ந்த கஸ்தெல்லானி குடும்பம் இதைத் திரும்பச் செய்யப் படாதபாடு பட்டது. மலைக்கிராமத்துப் பொற்கொல்லர்களைக்கூடத் தேடிப்பிடித்து வரவழைத்தது. அப்படியும் எத்ருஸ்கரின் நுணுக்கம் முழுசாகக் கைகூடவில்லை. கஸ்தெல்லானி செய்தவையும் அதே கட்டடத்தில் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் மதியம் உள்ளே போய், மூடும் நேரத்தில் காவலர் வந்து சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

பொன்தே வெக்கியோ பாலத்தைப் பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், பாலத்தின் இரண்டு பக்கமும் நகைக்கடைதான். முன்பு அங்கே கசாப்புக் கடைகள் இருந்தன. நாற்றம் தாங்காமல் 1593இல் மெதிச்சி குடும்பத்து ஆட்சியாளர் முதலாம் ஃபெர்தினாந்தோ கசாப்புக்காரர்களைக் கிளப்பிவிட்டுப் பொற்கொல்லர்களைக் குடியமர்த்தினார். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃப்ளோரன்ஸின் மற்ற பாலங்களையெல்லாம் தகர்த்தது, இதை மட்டும் விட்டுவைத்தது. பார்க்க வேண்டிய இடம், வாங்க வேண்டிய இடமா என்றால் உங்கள் பர்ஸைப் பொறுத்தது. நகை செய்கிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி ஓல்த்ரார்னோ சந்துகளுக்குள் போங்கள். படச்சட்டம் செய்பவர், தோல் தைப்பவர், வெள்ளி தட்டுபவர் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். மதியம் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள், அதற்கு முன் போய்விடுங்கள்.

மற்றபடி வாழ்க்கை சுகம்தான், மறைப்பானேன். காபிக் கடையில் நின்றுகொண்டே எஸ்பிரெஸோ ஒரு வாய், உட்கார்ந்தால் விலை ஏறும். ஆகஸ்ட் நடுவில் ஊரே கடையைச் சாத்திக்கொண்டு கடலுக்குப் போகிறது. வெயிலும் கொசுவும் நமக்கு மிச்சம்.

சோற்றுக்கு என்ன செய்கிறீர்கள்? நான் சைவம்.
— வாசகி, மதுரை

சைவத்துக்குப் பஞ்சமில்லை. பீன்ஸ், முட்டைக்கோஸ், பழைய ரொட்டி போட்டு ஒரு கெட்டி சூப் வைப்பார்கள். கடலை மாவைக் கரைத்து அடுப்பில் வேகவைத்த அடையும் உண்டு, மிளகுத்தூள் தூவித் தருவார்கள். இந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே இருக்காது, முதல் வாரம் அழுகை வரும். கறிவேப்பிலை இலங்கைக்காரர்கள் கடையில் கிடைக்கும்.

என் மகளுக்கு 19 வயது. தனியாக அனுப்பலாமா? செலவு, விசா பற்றியும் சொல்லவும்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

அனுப்பலாம் ஐயா. இரவு பத்து மணிக்கு நான் நடந்து வீடு வருகிறேன். பயம் பிக்பாக்கெட்தான், அதுவும் ரயில் நிலையத்திலும் பேருந்திலும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். இங்குள்ள நகைப் பள்ளிகள் பலவும் தனியார் நடத்துபவை. கொடுப்பது சான்றிதழ், பட்டம் அல்ல. "டிகிரி" என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டியிருந்தால் கலைக் கல்லூரி அல்லது பல்கலைக்கழகப் படிப்பாகப் பாருங்கள். கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும். தங்குவதற்கு மாதம் 500 யூரோவுக்குள் தனி அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சரி.

விசா நீண்டகால மாணவர் விசா. பள்ளியின் கடிதம், தங்குமிடம், வங்கி இருப்பு, காப்பீடு எல்லாம் கேட்பார்கள். வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உறை தபால் நிலையத்தில் கிடைக்கும், 16 யூரோ முத்திரை ஒட்ட வேண்டும். பிறகு காவல் அலுவலகத்தில் கைரேகை. அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை தபால் ரசீதுதான் சாட்சி. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாணவர்கள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

வருவதற்குள் இத்தாலியன் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், வீட்டு உரிமையாளரும் கருவி விற்கிற கடைக்காரரும் இத்தாலியன்தான் பேசுவார்கள்.

ஃப்ளோரன்ஸ்தான் வர வேண்டுமா?
— பொறியாளர், திருப்பூர்

எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சங்கிலி, இயந்திரம், பெரிய உற்பத்தி என்றால் அரெட்ஸோ. கல் பதிப்பது என்றால் வலென்ட்ஸா. வியாபாரம் பார்க்க விச்சென்ட்ஸா, ஜனவரியிலும் செப்டம்பரிலும் பெரிய நகைக் கண்காட்சி அங்கே நடக்கிறது. விற்பனையைப் பற்றிக் கவலைப்படாமல் நகையைச் சிற்பமாகப் பார்க்கிற மரபு பதோவாவுக்கு உண்டு. ஃப்ளோரன்ஸில் 1998இல் தொடங்கிய ஆல்கிமியா பள்ளியும் அந்த வழியில் வந்ததுதான். வலை பின்னியது போலப் பொன்னைத் துளையிட்டுச் செய்கிற புச்செல்லாத்தி நகை நிறுவனத்து வேலை பிடிக்குமானால் மிலான் போங்கள்.

இத்தாலிப் பவளம் என்று விற்கிறார்கள், உண்மையா?
— நகைக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலி

அண்ணாச்சி, பாதி உண்மை. நேப்பிள்ஸ் பக்கத்தில் தோர்ரே தெல் கிரேக்கோ என்ற ஊர் பவள வேலைக்கே பேர்போனது. ஆனால் அங்கே வெட்டுவதெல்லாம் மத்தியதரைக்கடல் பவளம் இல்லை. ஜப்பான், தைவான் பக்கத்திலிருந்தும் வருகிறது. நம் கழுத்துப் பவளத்துக்கும் இத்தாலிக்கும் உறவு பழையது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லிவோர்னோ துறைமுகத்து வணிகர்கள் பவளத்தை அனுப்பி வைரம் வாங்கினார்கள், மதராஸ் அந்த வியாபாரத்தின் முக்கியமான ஊர். இப்போது சந்தையில் சாயம் போட்ட மூங்கில் பவளம் நிறைய, அது வேறொரு மலிவான பவள வகை. எலுமிச்சைச் சாறு விட்டால் அசல் பவளம் போல அதுவும் நுரைக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பஞ்சில் நெயில்பாலிஷ் நீக்கியைத் தொட்டு, மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு ஏறினால் அது சாயம். ஏறாவிட்டாலும் நம்பிவிட வேண்டாம், கண்ணாடியாக இருக்கலாம். விலை அதிகமென்றால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

முடித்த பிறகு வேலை கிடைக்குமா? நம் ஊரில் 18 காரட்டை யார் வாங்குவார்கள்?
— மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டது

இங்கே 750 முத்திரை, அதாவது 18 காரட்தான் வழக்கம். 22 காரட் மிருதுவானது. மெல்லிய கம்பி நகத்தில் கல்லைப் பிடித்து வைக்க 18தான் தோது. நம் ஊரில் நகை என்றால் பாதி சேமிப்பு, அடகுக்கடைக் கணக்குப் பார்ப்பவரிடம் அதை விற்க முடியாது. ஆனால் வைர நகைக்கு 18 காரட் ஏற்கெனவே பழகிவிட்டது. வெள்ளியில் செய்து போட்டுக்கொள்கிற இளம்பெண்களும் கூடியிருக்கிறார்கள், என் கண் அவர்கள் மேல்தான்.

இத்தாலியிலேயே வேலை என்றால், மாணவர் அனுமதியை வேலை அனுமதியாக மாற்ற உங்களை எடுத்துக்கொள்ளும் ஒரு பட்டறை வேண்டும். சின்னப் பட்டறைக்காரர்கள் அதற்குத் தயங்குகிறார்கள். அதனால் சேரும் முன் பள்ளிக்கு எழுதி, மூன்று வருடம் முன்பு முடித்தவர்கள் இரண்டு பேரின் தொடர்பு கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் பள்ளிக்குப் பணம் கட்டாதீர்கள்.