மச்சான் கொடுத்த கன்று

கேள்வி: ஐயா, வணக்கம். பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் காப்பிக்கு ஊடாக இரண்டு ஏக்கரில் விருப்பாச்சி மலைவாழை வைத்திருக்கிறேன். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி இடைவெளி. அறுநூறு குத்துக்குக் கிட்ட வரும். எல்லாம் அப்பா காலத்தில் வைத்தது. பட்டுப்போன இடங்களில் சென்ற ஆடியில் மச்சான் தோட்டத்திலிருந்து அறுபது கன்று வாங்கி வைத்தேன். இப்போது பதினேழு குத்தில் இலை நீளாமல் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கிறது. இலை ஓரம் மஞ்சள். இவற்றில் ஐந்து புதுக்கன்று, மற்றவை பழைய குத்து. கடையில் இலையைக் காட்டினேன். 'வைரஸ்' என்று சொல்லி ஒரு பாட்டிலும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பவுடரும் கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்ததில் மூன்று குத்தில் பச்சை திரும்பியது. மூன்றாவது முறை அளவைக் கூட்டி அடிக்கலாமா? அரிவாளால் பரவுமாமே, எதில் கழுவுவது? ஏழு குத்தில் தார் இருக்கிறது. விற்கலாமா?
— மலைவாழை விவசாயி, கீழ்ப்பழனி மலை

பதில்: அளவைக் கூட்ட வேண்டாம், தம்பி. மூன்றாவது முறை அடிக்கவே வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது முடிக்கொத்து நோய். கடைக்காரர் 'வைரஸ்' என்று சொன்னது சரிதான். அதைச் சொன்ன அதே வாயால் ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்துக் கொடுத்தாரே, அங்கேதான் எனக்கு எரிகிறது.

ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. பாக்டீரியா தனியாகத் தின்று, தனியாக வளர்ந்து, தானே இரண்டாகப் பிரியும் உயிர். அதற்குள் ஓடும் வேலைகளில் ஒன்றை மருந்து நிறுத்திவிட்டால் அது செத்துவிடும். வைரஸுக்குள் அப்படி நிறுத்துவதற்கு எந்த வேலையும் ஓடவில்லை. உங்கள் வாழைக்குள் இருப்பது 18 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள ஒரு புரத உறை. மில்லிமீட்டர் ஒன்றில் ஐம்பதாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். உறைக்குள், வைரஸைப் படியெடுப்பதற்கான குறிப்பு எழுதிய டி.என்.ஏ. வளையம். மொத்தம் ஆறு வளையங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீளம். அவ்வளவுதான் அதன் சொத்து. அது சாப்பிடுவதில்லை, மூச்சு விடுவதில்லை. வாழையின் செல்லுக்குள் நுழைந்ததும் அந்தச் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வைத்திருக்கும் கருவிகளைக் கொண்டே வைரஸையும் படியெடுக்கிறது. ஆறு வளையங்களில் ஒன்றுக்கு, ஓய்ந்திருக்கும் செல்லை மறுபடி படியெடுக்கும் நிலைக்குத் தள்ளிவிடுவதே வேலை. வீட்டுக்காரனின் அடுப்பில், வீட்டுக்காரனின் அரிசியைப் போட்டுச் சமைக்கிற விருந்தாளி. இவனைப் பட்டினி போட வேண்டுமானால் வீட்டைத்தான் கொளுத்த வேண்டும். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை அழித்துச் செடியைக் குணமாக்கும் மருந்து விவசாயத்தில் கிடையாது. ஐந்து மில்லிக்கும் கிடையாது, ஐம்பது மில்லிக்கும் கிடையாது.

மூன்று குத்தில் பச்சை திரும்பியதே என்பீர்கள். பாட்டிலில் கொஞ்சம் துத்தநாகமும் இரும்பும் தழைச்சத்தும் கலந்திருக்கும். இலை ஓரத்து மஞ்சள் அதில் தெளிந்திருக்கும். அந்த மூன்றையும் காலை வெயிலில் போய்ப் பாருங்கள். மட்டையிலும், இலையின் அடிப்புறத்து நடுநரம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, பழைய தந்திக் குறியீடு போல ஓடியிருக்கும். இலைப்பரப்பில் நரம்பு நடுநரம்பைத் தொடும் இடத்தில் அந்தக் கோடு தூண்டில் முள் மாதிரி வளைந்து இறங்கும். அது இருந்தால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நோய் உள்ளேதான் இருக்கிறது.

அந்தக் கரும்பச்சை ஏன் வருகிறது என்பதே இந்த நோயின் கதை. வைரஸ் குடியிருப்பது சாற்றுக்குழாயில். இலை சமைத்த உணவைக் கிழங்குக்கும் குருத்துக்கும் இறக்கும் குழாய். அது கெட்டுப்போகும்போது குழாயைச் சுற்றியுள்ள செல்களில் வழக்கத்துக்கு மாறாகப் பச்சையம் சேர்ந்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் கோடு அதுதான். குருத்துக்குப் போக வேண்டியது போகாமல் போக, ஒவ்வொரு புது இலையும் முந்தியதைவிடக் குட்டையாக, குறுகலாக வந்து உச்சியில் நெருக்கியடித்து நிற்கிறது. கிழங்குக்கு இறங்கும் சாற்றோடு வைரஸும் இறங்குவதால், அந்தக் குத்தில் எழும்பும் கன்று எதையும் நம்ப முடியாது. இன்று நல்ல கன்றாகத் தெரிவதும் நாளை கொத்திக்கொள்ளும்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பாட்டிலும் அரிவாளும் இல்லை, போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி: 'மச்சான் தோட்டத்திலிருந்து அறுபது கன்று'. அவை வந்த பிறகுதானே இதெல்லாம்?

நோய்பட்ட ஐந்து புதுக்கன்றுகளையும் பாருங்கள். நட்ட பிறகு விட்ட முதல் இலையிலிருந்தே குட்டையாக, முழம் தாண்டாமல் நிற்கிறதா? அப்படியென்றால் அவை நோயோடு வந்தவை. பழைய பன்னிரண்டு குத்தில் கீழ் இலைகள் அகலமாக, ஒழுங்காக இருந்து, மேலே கடைசியாக வந்த இரண்டு மூன்று இலை மட்டும் கொத்தியிருக்கிறதா? அப்படியென்றால் அவை உங்கள் தோட்டத்தில் வைத்துப் பிடித்தவை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குக் கொண்டுபோனது வாழை அசுவினி. கருப்பாக, கடுகைவிடச் சிறியது. தண்டின் அடியில், மண்ணோடு ஒட்டிய காய்ந்த மட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எறும்பு வரிசை போகிறதென்றால் பின்னாலேயே போய்ப் பாருங்கள், அசுவினி இருக்கும்.

இந்த அசுவினி நோய்ச்செடியில் சில மணி நேரம் உறிஞ்சினால் வைரஸ் அதன் உடம்புக்குள் ஏறிவிடும். பிறகு ஆயுள் முழுக்கச் சுமக்கும். நல்ல செடியில் வந்து அமர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும். ஆனால் அது வெகுதூரம் பறக்கிற பூச்சி கிடையாது. ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: புதிதாக நோய் கண்ட செடிகளில் மூன்றில் இரண்டு பங்கு, பழைய நோய்ச்செடிக்கு 20 மீட்டருக்குள் இருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது 86 மீட்டருக்குள் அடங்கிவிட்டன. உங்கள் இடைவெளிக்கு 20 மீட்டர் என்றால் ஐந்தாறு வரிசை. அதற்கு அப்பால் மலை தாண்டி, ஆறு தாண்டி, கடல் தாண்டி இந்த நோயைக் கொண்டுபோனது மனிதன். கொண்டுபோனது கன்றாக.

1889இல் பிஜித் தீவில் இந்த நோய் பதிவாயிற்று. 1913 வாக்கில் ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் தெரிந்தது. 1940 வாக்கில் கேரளத்தில், கோட்டயம் பக்கம். இலங்கையிலிருந்து கன்றோடு வந்தது என்றே கருதுகிறார்கள். பிறகு நம் மலைக்கு ஏறியது. 1970களில் 18,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் மலைவாழை 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது இதனால்தான். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பழம் இது. யாரும் விரோதத்தில் கொடுத்த கன்று இல்லை. தாய்மாமன் கொடுத்தது, சம்பந்தி கொடுத்தது, மச்சான் கொடுத்தது. காசு வாங்காமல் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தாலாவது நாலு தடவை திருப்பிப் பார்த்திருப்போம்.

ஆஸ்திரேலியாவில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி எனக்கு அலுப்பதில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது. 1922க்கும் 1925க்கும் இடையில் அங்கே வாழை விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மேகி என்ற இளம் ஆராய்ச்சியாளர், இதைப் பரப்புவது அசுவினியும் நோய்க்கன்றும்தான் என்று கண்டுபிடித்தார். அந்த வைரஸை அப்போது யாரும் கண்ணால் பார்த்தது கூடக் கிடையாது. அவர்கள் மருந்து தேடி உட்கார்ந்திருக்கவில்லை. நோய்க் குத்து தெரிந்தால் அழிக்க வேண்டும், அனுமதி இல்லாமல் கன்று நடக்கூடாது, தோட்டம் தோட்டமாகச் சோதனை என்று சட்டம் போட்டார்கள். தொழில் மீண்டது. நம்மிடம் வைரஸின் எழுத்து எழுத்தான வரைபடமே இருக்கிறது, பாட்டில் விற்பனையும் இருக்கிறது.

பாட்டில் என்றதும் இன்னொன்று. வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள். 1968ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி பயிர்நோய்க்கு விற்கிற மருந்துக்குப் பதிவு எண் வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'வைரஸ்' என்று போட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் 'மூலிகைச் சாறு', 'வளர்ச்சி ஊக்கி' என்று முடித்திருந்தால், விற்றவருக்கும் அது மருந்தில்லை என்று தெரியும். பூச்சியைக் கொல்லும் மருந்தை விற்றுவிட்டு 'அசுவினிக்கு' என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. அதுவும் அடுத்த செடியைக் காக்கத்தான், இந்தச் செடியை மீட்க இல்லை.

சரி, வேலைக்கு வாருங்கள். ஏழு தாரில் முற்றியது எதுவோ அதை முதலில் இறக்கி விற்றுக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் மனிதனை ஒன்றும் செய்யாது, பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். முற்றாத தாரை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கலாமா என்று கேட்டால், நான் 'வையுங்கள்' என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதத்தில் அந்த ஏழு குத்திலிருந்து எத்தனை அசுவினி ஏறி இறங்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தார் இறங்கிய பிறகு, வெட்டுவதற்கு முன், பதினேழு குத்துக்கும் சுற்றியுள்ளவற்றுக்கும் வாழை அசுவினிக்குப் பரிந்துரைத்த பூச்சிமருந்தை அடியிலும் குருத்திலும் நனைய அடியுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அசுவினி உயிரோடு இருக்கும்போது மரத்தைச் சாய்த்தால், சோறு போன பூச்சி பக்கத்து மரத்துக்கு வைரஸோடு குடிபோகும். நானே ஒரு காலத்தில் 'உடனே வெட்டுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பி, இரண்டு மாதத்தில் சுற்றிலும் வட்டமாக நோய் வந்த தோட்டத்தைப் போய்ப் பார்த்து நின்றிருக்கிறேன். இரண்டு மூன்று நாள் கழித்து, கிழங்கோடு, அந்தக் குத்தின் எல்லாக் கன்றுகளோடும் தோண்டி எடுங்கள். கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி வெயிலில் காயப் போடுங்கள். மண்ணுக்குள் ஒரு துண்டு தங்கினாலும் அது துளிர்க்கும், அந்தத் துளிர் நோயோடு வரும். காப்பி வேர் அறுபடும் என்று தோண்டத் தயங்கினால், தண்டில் களைக்கொல்லியை ஊசியால் ஏற்றிக் குத்தையே கொல்லும் முறை உண்டு. தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அளவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். காப்பிக்கு நடுவில் களைக்கொல்லியோடு குத்துமதிப்பாக விளையாடக் கூடாது.

பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அந்தந்த இடத்தைச் சுற்றி ஐந்தாறு வரிசை நடந்து புதுக்குருத்தைப் பாருங்கள். அசுவினி கடித்த அன்றே நோய் தெரியாது. சில வாரம் கழித்து, இரண்டு இலை தள்ளியே அடையாளம் தெரியும். எனவே இப்போது இன்னும் சில குத்துக்குள் இருந்துகொண்டுதான் இருக்கும். அவை வெளிவரும்போது மனம் உடைய வேண்டாம், அதே முறையில் எடுத்துவிடுங்கள். பள்ளத்தில் யாரும் பார்க்காமல் காடாகிக் கிடக்கும் பழைய வாழை இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். நம் மலையில் நோயின் கிடங்கு அதுதான்.

எடுத்த இடத்தில் மறுபடி நடலாம். மண்ணில் இந்த வைரஸ் தங்காது. ஆனால் திசுவளர்ப்புக் கன்று என்று சொன்னதும் மயங்கிவிடாதீர்கள். தாய்மரம் நோயோடு இருந்தால் ஆய்வகம் ஒரு நோயை ஆயிரமாக்கித் தரும். வைரஸ் சோதனை செய்த சான்று கேளுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசுவளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று முறை வைத்திருக்கிறது. தாளைக் காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

கோமாரிக்கு மாட்டுக்கு ஊசி போடுகிறோமே, வாழைக்கு ஒன்று போடக்கூடாதா என்று இன்னொருவர் போன மாதம் கேட்டிருந்தார். ஊசி போட்டால் மாட்டின் இரத்தம் வைரஸை அடையாளம் வைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கும். வாழைக்கு இரத்தமும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை. அது வேறு விதமாகப் போராடுகிறது, இந்த வைரஸிடம் தோற்கிறது.

அரிவாளைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வைரஸ் அரிவாளில் பரவாது. சாற்றைத் தேய்த்தால்கூட ஒட்டாது. வேறு நோய்களுக்காகக் கழுவி வைப்பது நல்ல பழக்கம்தான், இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

மச்சான் தோட்டம் உங்கள் வேலியிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு அவர் தோட்டத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். வேறு யார் யாருக்குக் கன்று கொடுத்தார் என்று கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து, பதினேழு எத்தனையாகியிருக்கிறது என்பதோடு அதையும் எழுதுங்கள்.