பிச்சாவரம் உணவுச் சங்கிலி: இலைக்கும் இறாலுக்கும் நடுவில் யார்?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் உணவுச் சங்கிலியை வரையும் உங்கள் மகள், இலைக்கும் இறாலுக்கும் நடுவில் என்ன போடுவது என்று தெரியாமல் நிற்கிறாள் என்கிறீர்கள். உதிர்ந்த இலையிலிருந்து தொடங்குங்கள், நடுவில் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் போடுங்கள். படத்தில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் பச்சை இலையிலிருந்து இறாலுக்கு நேராக அம்பு போட முடியாமல் நிற்பதற்கு நடுவில் இவை இல்லாததுதான் காரணமாக இருக்கும். இறால் பச்சை இலையைத் தின்பதில்லை.

அலையாத்தி மர இலை தடிப்பானது, டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதிகம். மரத்திலேயே தின்னப்படுவது கொஞ்சம்தான், பெரும்பங்கு உதிர்ந்து சேற்றில் விழுகிறது. சில நண்டுகள் அதை வளைக்குள் இழுத்துப் போகும். மற்றதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் படரும். அந்தப் படலத்தோடு சேர்ந்த மட்குத் துகளை இறாலும் மடவை மீனும் மேய்கின்றன, அவற்றைக் கொடுவா மீன் பிடிக்கிறது. பாடங்களில் புல், மான், புலி என்றே பார்த்துப் பழகியதால் இந்த மட்குச் சங்கிலி பிள்ளைகளுக்குத் தோன்றுவதே இல்லை. நம் மாவட்டத்துக் காட்டுக்கு உயிர்நாடியே இதுதான்!

சரி, படம் முடிந்ததும் இதைப் பாருங்கள்:

1. அம்பு, தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போகிறதா?
2. இலையில் 10,000 கிலோ ஜூல் ஆற்றல் என்றால், ஒவ்வொரு படியிலும் 10 சதவீதம்தான் அடுத்ததற்குப் போகும் என்ற கணக்கில் நுண்ணுயிருக்கு 1,000, இறாலுக்கு 100, கொடுவாவுக்கு 10. மீதியில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகவும் கழிவாகவும் போகிறது.
3. நுண்ணுயிரிலிருந்து மரத்துக்கு ஆற்றல் அம்பு இருந்தால் அழித்துவிடுங்கள். மரத்துக்குத் திரும்புவது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் மட்டும்.

ஒரு எச்சரிக்கை: 10 சதவீதம் என்பது தோராயம், உயிருக்கு உயிர் மாறும். நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரங்களும் சேற்றுப் பாசியும்கூட அந்த நீரில் உணவுதான், அவற்றுக்குத் தனி அம்பு கொடுங்கள்.