“நான் வரலைன்னா தேடுவாங்களா?” – கேள்வி பதில்

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் என் பதிவுக்கு மட்டும் பதிலே வராது. பாதிப் பேர் முகம்கூடத் தெரியாதவர்கள். ஆனாலும் மனசு சுருங்கிப் போகிறது. இது என்ன வியாதி சார்?

பதில்: வியாதி இல்லை. உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ‘சைபர்பால்’ என்ற கணினி விளையாட்டில் இதைச் சோதித்தார். மூன்று பேர் பந்து போட்டுப் பிடிக்க வேண்டும். முதலில் ஓரிரு தடவை உங்களுக்கும் வரும். அப்புறம் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள். சில நிமிஷத்தில் ஆள் வாடிவிடுகிறார். எதிரில் ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்பே சொல்லிவிட்டும் பார்த்தார்கள் (2004). அப்போதும் வலித்தது. ஆகவே அந்த முதல் வலியைத் தடுக்கப் பார்க்காதீர்கள். குரூப்பில் பொதுவாகப் போட்டால் ‘வேறு யாராவது சொல்வார்கள்’ என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி, அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா ரிட்டயர்டு ஆகி எட்டு மாதம். புது டிவி, புது போன், எல்லாம் வாங்கித் தந்தோம். ‘ரெஸ்ட் எடுங்கப்பா’ என்றாலே எரிந்து விழுகிறார்.

பதில்: அந்த வார்த்தைதான் சுடுகிறது. ஆய்வாளர்கள் மோரிஸ் ரோசன்பெர்க்கும் மெக்கல்லோவும் 1981-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: நம்மைக் கவனிக்கிறார்கள், நம்மேல் அக்கறையாக இருக்கிறார்கள், நம்மை நம்பி ஒரு காரியம் இருக்கிறது, இந்த மூன்றும் தனித்தனி உணர்வுகள். முதல் இரண்டை நீங்கள் அள்ளிக் கொடுக்கிறீர்கள். மூன்றாவதைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

ஒரே ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள். அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் வேலையாக இருக்க வேண்டும்: பேரனை டியூஷனிலிருந்து கூட்டி வருவது, வீட்டு வரி, இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்த்துக்கொள்வது. ஒப்புக்குக் கொடுத்தால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு வாரம் போன பிறகு அடுத்ததைக் கொடுக்கலாம். பெரும்பாலும் கெட்டுப்போவது எங்கே தெரியுமா? அவர் வாங்கி வந்த கத்திரிக்காயை அவர் கண்ணெதிரிலேயே கூடையில் புரட்டி, ‘ரெண்டு சொத்தைப்பா’ என்பீர்கள். அதோடு மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சொத்தையை நறுக்கும்போது எறிந்துகொள்ளுங்களேன்.

கேள்வி: புது ஊர், புது ஆபீஸ். மூன்று மாதமாகியும் டீக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் ஆய்வில், அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் பெரிதாகச் சேராது. வாரம் ஐந்து நாள் ஆபீஸில் தினம் 15 நிமிஷ டீ என்றால் 50 மணிக்கு 40 வாரம்! ஞாயிற்றுக்கிழமை அரைநாள் ஒருவரோடு கடைத்தெருவுக்குப் போனால் பல வார டீ ஒரே நாளில் முடிந்துவிடும். டீக்கும் கூப்பிடக் காத்திருக்காமல் ‘நானும் வர்றேன்’ என்று எழுந்துவிடுங்கள்.

கேள்வி: பேசிவிட்டு வந்ததும் ‘அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்றே தோன்றுகிறது.

பதில்: எதிராளிக்கும் அதேதான் தோன்றும். 2018-ல் வந்த ஆய்வு ஒன்றில், முதன்முறை பேசிக்கொண்டவர்கள் பொதுவாகத் தங்களை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

கேள்வி: யார் எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டேன். இப்போது காரியம் இருந்தால்தான் கூப்பிடுகிறார்கள்.

பதில்: அடுத்த முறை சின்ன விஷயத்தில், ‘இன்னைக்கு முடியாது, புதன்கிழமை முடியும்’ என்று மட்டும் சொல்லுங்கள். நீளமாகக் காரணம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும். பிறகு நீங்களும் ஒரு சிறு உதவி கேளுங்கள்: பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது போல. புதன்கிழமை வரை பொறுப்பவர் யார், இறக்கிவிட வருபவர் யார் என்று பாருங்கள்.